டீசல் என்ஜினில் மாற்று எரிபொருளும் ஹைட்ரஜனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாமக்கல் பக்கம் ஒரு டீசல் பம்ப் சர்வீஸ் கடையில் தொழில் கற்று, பிறகு பாலிடெக்னிக் என்ஜின் லேப்புக்கு வந்தவன் நான். டீசல் விலை ஏறும்போதெல்லாம் இந்தக் கேள்விகளும் கூடவே வரும். லாரி உரிமையாளர்கள், கிணற்று ஆயில் என்ஜின் வைத்திருப்பவர்கள், ப்ராஜெக்ட் செய்யும் மாணவர்கள் என்று பலருக்கும் வாயால் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். எந்த எரிபொருளைப் பற்றிப் பேசினாலும் நான் இரண்டு விஷயம் கேட்பேன். சிலிண்டருக்குள் அதைப் பற்றவைப்பது எது? அந்த எரிபொருள் எங்கிருந்து வந்தது?

டீசல் என்ஜின் என்றால் டீசலில்தான் ஓட வேண்டுமா?

இல்லை. ருடால்ஃப் டீசல் என்ற மனிதரின் பெயர் முதலில் என்ஜினுக்கு வந்தது; அதன் பிறகுதான் எண்ணெய்க்கு ஒட்டிக்கொண்டது. ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் 1897-ல் அவருடைய என்ஜின் ஒழுங்காக ஓடிக் காட்டியது. 1900-ல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் பிரெஞ்சு ஓட்டோ கம்பெனி வைத்திருந்த சிறிய டீசல் என்ஜின் ஓடியது நிலக்கடலை எண்ணெயில். அது அவ்வளவு சீராக ஓடியதால் மிகச் சிலர்தான் வித்தியாசத்தைக் கவனித்தார்கள் என்று டீசலே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

இந்த என்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றைப் பதினாறு முதல் இருபது மடங்கு வரை அழுத்துகிறது. அழுந்திய காற்று 500 டிகிரிக்கும் மேல் சூடாகிறது. அந்தச் சூட்டில் நாசில் டீசலைப் பனிபோலத் தூவுகிறது, அது தானாகப் பற்றிக்கொள்கிறது. டீசல் ஏறக்குறைய 210 முதல் 250 டிகிரியில் தானே பற்றக்கூடியது என்பதால்தான் இது நடக்கிறது. பற்றுவதில் உள்ள இந்தச் சுறுசுறுப்பை அளக்கும் எண்தான் சீட்டேன் எண். பி.எஸ்.6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசலுக்குக் குறைந்தது 51 வேண்டும். எத்தனாலுக்கு இது சுமார் 8. ஒரு திரவம் நன்றாக எரிகிறது என்பதற்காக அது டீசல் என்ஜினுக்கு ஆகிவிடாது என்பது இந்த இரண்டு எண்ணிலேயே தெரிந்துவிடும்.

அப்படியென்றால் புங்க எண்ணெய், வேப்பெண்ணெயை நேராக டேங்கில் ஊற்றலாமே?

ஓடும். சில வாரம் நன்றாகவே ஓடும். ஏமாற்றமே அங்கேதான் தொடங்குகிறது.

ஒருவர் தன் 5 எச்.பி. ஆயில் என்ஜினில் பாதி டீசலும் பாதி வேப்பெண்ணெயுமாக ஒரு போகம் முழுக்கத் தண்ணீர் இறைத்தார். பிறகு ஸ்டார்ட் ஆகவில்லை என்று கொண்டுவந்தார். நாசிலைக் கழற்றி மேஜையில் வைத்தேன். துளையைச் சுற்றிக் காலிஃப்ளவர் பூப்போலக் கரி கட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினால் வரவில்லை, பித்தளை பிரஷ் போட வேண்டியிருந்தது. அடியில் டிரெயின் பிளக்கைத் திறந்தால் ஆயில் இறங்கவில்லை. விரலை விட்டுப் பார்த்தேன், கேழ்வரகுக் களி பதத்தில் இருந்தது. பிஸ்டன் ரிங்குகள் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. டீசலில் மிச்சம் பிடித்ததைவிட லைனர், பிஸ்டன் செட்டுக்கு அதிகம் போயிற்று.

காரணம் கெட்டித்தன்மை. 40 டிகிரி சூட்டில் டீசலைவிடத் தாவர எண்ணெய் பத்து மடங்குக்குமேல் கெட்டியாக இருக்கும். நாசில் அதைப் பனியாகத் தூவ முடியாமல் தாரையாக அடிக்கும். தாரை முழுசாக எரியாது. மிச்சம் சிலிண்டர் சுவரில் வழிந்து என்ஜின் ஆயிலில் சேரும், அங்கே சூட்டில் பிசினாகும். எண்ணெயை 70, 80 டிகிரிக்குச் சூடாக்கி, டீசலில் ஸ்டார்ட் செய்து டீசலிலேயே நிறுத்தினால் பழைய மெதுவேக என்ஜின்கள் தாங்கும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் முயற்சியில் 1990-களின் இறுதியில் கர்நாடகத்தின் கக்கனஹள்ளியில் புங்க எண்ணெயில் ஜெனரேட்டர் ஓட்டி வயலுக்குத் தண்ணீர் இறைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த ஊரை உதாரணம் காட்டி காமன் ரெயில் லாரியில் ஊற்றிவிடாதீர்கள். 1,600 பார் அழுத்தத்துக்கு (ஒரு பார் ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) மேல் வேலை செய்யும் இன்ஜெக்டரின் உள்ளே இடைவெளி முடியைவிட மிகச் சிறியது.

பயோடீசல் வேறா?

வேறு. நிறையப் பேர் எண்ணெயையும் பயோடீசலையும் ஒன்றாக நினைக்கிறார்கள். 100 கிலோ எண்ணெயோடு சுமார் 11 கிலோ மெத்தனாலும் கொஞ்சம் காஸ்டிக் சோடாவும் சேர்த்துக் கிளறினால் பெரிய எண்ணெய் மூலக்கூறு மூன்றாக உடையும். மேலே தெளிவான பயோடீசல் மிதக்கும், கீழே சுமார் 10 கிலோ கிளிசரின் இறங்கும். பிரித்தெடுத்துக் கழுவி ஈரத்தை முழுசாக எடுக்க வேண்டும். கடைசியாகச் சொன்ன இந்த வேலையில்தான் வீட்டில் காய்ச்சுபவர்கள் அவசரப்படுகிறார்கள். ஈரமும் மிச்சக் காஸ்டிக்கும் பம்ப்பைத் தின்றுவிடும். மெத்தனால் ஆவி கண்ணையும் உயிரையும் எடுக்கக்கூடியது. தயவுசெய்து சமையலறையில் முயற்சி செய்யாதீர்கள். விலைக்கு வாங்கினால் ஐ.எஸ். 15607 தரச் சான்று கேட்டு வாங்குங்கள்.

சரியாகச் செய்த பயோடீசல் நல்ல எரிபொருள். சீட்டேன் டீசலுக்குச் சமம், வழவழப்பு டீசலைவிட அதிகம், கந்தகம் இல்லை, புகை குறைவு. லிட்டருக்குச் சக்தி சுமார் 8 சதவீதம் குறைவு. இருபது சதவீதம் கலந்தால் மைலேஜில் வித்தியாசம் கையில் தெரியாது. பழைய வண்டியில் முதல் இரண்டு மூன்று டேங்குக்கு ஃபில்டர் அடிக்கடி அடைக்கும். பல வருஷமாக டேங்கில் படிந்த கசடைப் பயோடீசல் கரைத்துக்கொண்டு வருவதுதான் காரணம். இது பயோடீசலின் குற்றமில்லை, ஆனால் நடுரோட்டில் நிற்பது நீங்கள்தான். கையில் ஒரு ஃபில்டர் வைத்திருங்கள். பழைய ரப்பர் ஹோஸ்கள் உப்பும். பாமாயிலில் செய்த பயோடீசல் 13, 16 டிகிரியிலேயே கலங்க ஆரம்பிக்கும் என்பதால் ஊட்டி, கொடைக்கானல் இரவுகளுக்குத் தனியாக ஆகாது.

எவ்வளவு கலக்கலாம்?

வண்டியின் கையேட்டில் என்ன போட்டிருக்கிறதோ அவ்வளவுதான். பி.எஸ்.6 வண்டிகளில் இது மிக முக்கியம். புகை வடிகட்டியைச் சுத்தம் செய்ய என்ஜின் அவ்வப்போது கொஞ்சம் டீசலைக் கடைசி நேரத்தில் தூவும். டீசல் ஆவியாகிப் போய்விடும். பயோடீசல் அவ்வளவு எளிதில் ஆவியாகாமல் சுவரோடு வழிந்து என்ஜின் ஆயிலில் கலந்துவிடும்.

காட்டாமணக்கு என்று ஒரு காலத்தில் பேசினார்களே, என்ன ஆயிற்று?

2003 வாக்கில் பெரிய கனவாக அது வந்தது. 2011-12க்குள் டீசலில் 20 சதவீதம் பயோடீசல் என்று இலக்கு. தண்ணீரில்லாத தரிசிலும் காய்க்கும் என்று சொன்னதை நம்பி நம் பக்கத்திலும் நட்டார்கள். தரிசில் செடி பிழைத்தது, காய் பிடிக்கவில்லை. காய்க்க வேண்டுமானால் அதற்கும் தண்ணீரும் உரமும் வேண்டும். அவை இருக்கிற நிலத்தில் விவசாயி வேறு பயிர் வைப்பார். செடியை நம்பிக் கடன் வாங்கியவர்களை எனக்குத் தெரியும் என்பதால் இதை எழுதும்போது இப்போதும் வருத்தமாக இருக்கிறது. 2018 உயிரி எரிபொருள் கொள்கையில் இலக்கு 2030-க்குள் 5 சதவீதம் என்று இறங்கிவிட்டது.

எனக்கு நம்பிக்கை தருவது பலகாரக் கடை எண்ணெய்தான். 2018 ஜூலை முதல், திரும்பத் திரும்பச் சூடாக்குவதால் சேரும் சிதைவுப் பொருள்கள் (டி.பி.சி.) 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் பொரிக்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. அந்த எண்ணெய் மீண்டும் தள்ளுவண்டிக் கடைக்குப் போகாமல் பயோடீசல் ஆலைக்குப் போனால் வயிறும் பிழைக்கும், என்ஜினும் ஓடும்.

மண்ணெண்ணெய் கலந்தால்?

வேண்டாம். பம்ப்புக்குள் டீசலை அழுத்தித் தள்ளும் எலிமென்டுக்கு டீசலின் வழவழப்புதான் ஆயில். மண்ணெண்ணெயில் அது போதாது, உலோகம் உலோகத்தோடு உரசும்.

எத்தனாலைப் பெட்ரோலில் 20 சதவீதம் கலக்கிறார்கள். டீசலில் ஏன் கலப்பதில்லை?

மூன்று காரணம். எத்தனால் டீசலோடு ஒட்டாது. துளி ஈரம் பட்டாலும் பிரிந்து அடியில் நிற்கும். சீட்டேன் மிகக் குறைவு. டேங்கின் மேலே நிற்கும் ஆவி சாதாரண வெயிலிலேயே தீப்பற்றும் தன்மைக்கு வந்துவிடும்.

அதற்காக முடியவே முடியாது என்றில்லை. ஸ்வீடனின் ஸ்காணியா கம்பெனி எத்தனால் பஸ்களை ஸ்டாக்ஹோமில் வருஷக்கணக்கில் ஓட்டியது. 95 சதவீதம் எத்தனால், மீதி பற்றுவதற்கு உதவும் மருந்து. என்ஜினின் அழுத்த விகிதத்தை 28 வரை ஏற்றினார்கள். எரிபொருள் தானாகப் பற்ற மறுத்தால் ஒன்று அதற்கு மருந்து சேர்க்க வேண்டும், அல்லது காற்றை இன்னும் சூடாக்க வேண்டும், அல்லது பக்கத்தில் ஒரு தீக்குச்சி கிழிக்க வேண்டும். அந்தத் தீக்குச்சி வழியில்தான் மெத்தனால் கப்பல்கள் ஓடுகின்றன. சுவீடனின் கோத்தன்பர்க்குக்கும் ஜெர்மனியின் கீலுக்கும் இடையே ஓடும் ஸ்டீனா ஜெர்மானிகா என்ற கப்பலை 2015-ல் மெத்தனாலுக்கு மாற்றினார்கள். முதலில் கொஞ்சம் டீசல் பற்றும், அது மெத்தனாலைப் பற்றவைக்கும்.

சாண எரிவாயுவில் என் ஆயில் என்ஜினை ஓட்டலாமா?

தாராளமாக. இரட்டை எரிபொருள் என்பதை முதலில் இதில் செய்து பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன். ஏர் ஃபில்டருக்கும் என்ஜினுக்கும் நடுவே ஒரு டி குழாய், அதில் ஒரு வால்வு. டீசலில் ஸ்டார்ட் செய்து, சுமை ஏற்றி, வாயு வால்வை மெல்லத் திறந்தால், வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னர் தானாகவே டீசலைக் குறைத்துக்கொள்ளும். காதாலேயே கேட்கலாம், என்ஜினின் தட்டல் மென்மையாகும். மீத்தேனும் தானாகப் பற்றாது. கொஞ்சம் டீசல் தீக்குச்சியாக இருக்க வேண்டும். நன்றாகச் சரிசெய்தால் டீசலில் 70, 80 சதவீதம் வரை மிச்சம்.

கணக்கு சொல்கிறேன். பத்து மாட்டின் சாணம் நாளுக்குச் சுமார் 100 கிலோ; அதிலிருந்து 4 கன மீட்டர் வாயு. அது 2 லிட்டர் டீசலுக்குச் சற்று மேல். 5 எச்.பி. என்ஜினுக்கு இரண்டு மணி நேரம். ஒரு முக்கியமான விஷயம்: வாயுவை இரும்புக் கடைசல் பிசிறு நிரப்பிய குழாய் வழியாக விடுங்கள். அழுகிய முட்டை வாடை தருகிற ஹைட்ரஜன் சல்ஃபைடு அதில் நின்றுவிடும். விட்டுவைத்தால் பேரிங்கை அரித்துவிடும்.

விறகு, தேங்காய் ஓட்டிலிருந்து வரும் கரிவாயுவும் இப்படித்தான். 1988-ல் கர்நாடகத்தின் ஹொசஹள்ளியில் இந்திய அறிவியல் கழகத்தார் விறகு வாயுவில் டீசல் என்ஜின் ஓட்டி ஊருக்கு விளக்கு கொடுத்தார்கள். நாலு கிலோ விறகு ஒரு லிட்டர் டீசலை மிச்சப்படுத்தும். அந்த வாயுவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஹைட்ரஜன். என்ஜினில் ஹைட்ரஜன் என்றால் புது விஷயம் என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்வேன்: நம் கிராமத்து என்ஜின்கள் அதை முப்பது வருஷத்துக்கு முன்பே எரித்திருக்கின்றன.

சரி, சுத்தமான ஹைட்ரஜனை டீசல் என்ஜினில் எரிக்க முடியுமா?

முடியும், ஆனால் தனியாக அல்ல. ஹைட்ரஜனின் குணம் வினோதமானது. ஒரு சின்னப் பொறி போதும் அதற்கு. நைலான் சட்டையைக் கழற்றும்போது வரும் பொறியே அதிகம். காற்றில் 4 சதவீதம் இருந்தாலும் எரியும், 75 சதவீதம் இருந்தாலும் எரியும். ஆனால் பொறி இல்லாமல் வெறும் சூட்டில் தானாகப் பற்ற ஏறக்குறைய 585 டிகிரி வேண்டும். டீசலுக்குத் தேவைப்படுவதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். டீசல் என்ஜினின் அழுத்தச் சூட்டில் நம்பகமாகப் பற்றாது.

எனவே இரண்டு வழி. ஒன்று, கொஞ்சம் டீசலைத் தீக்குச்சியாக வைத்துக்கொண்டு மீதியை ஹைட்ரஜனாகக் கொடுப்பது. இன்னொன்று, டீசல் என்ஜினின் பிளாக்கை வைத்துக்கொண்டு நாசிலை எடுத்துவிட்டு ஸ்பார்க் பிளக் போட்டு, அழுத்த விகிதத்தைக் குறைப்பது. இரண்டாவது வழியில் போனால் அது பெயரளவுக்குத்தான் டீசல் என்ஜின். நம் ஊரில் பள்ளம் தோண்டும் ஜே.சி.பி. வண்டியின் கம்பெனி ஹைட்ரஜன் என்ஜின் செய்தது இந்த ஸ்பார்க் பிளக் வழியில்தான். 2025 தொடக்கத்தில் ஐரோப்பாவில் பதினொரு அனுமதி அமைப்புகள் அதை விற்க ஒப்புதல் கொடுத்தன.

டீசலில் எவ்வளவு பங்கை ஹைட்ரஜனாக மாற்றலாம்?

ஹைட்ரஜனை எங்கே விடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. காற்று போகும் குழாயில் விட்டால் சுலபம். சாண வாயு போலத்தான். கிண்டி பொறியியல் கல்லூரியில் 2000-களில் இன்டேக் போர்ட்டில் (காற்று சிலிண்டருக்குள் நுழையும் வாயில்) ஹைட்ரஜன் தூவி டீசல் தீக்குச்சியோடு நிறையச் சோதனை செய்திருக்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், ஹைட்ரஜன் எடையில் மிகக் குறைவு, இடத்தில் மிக அதிகம். சரியான விகிதத்தில் கலந்தால் சிலிண்டரில் 30 சதவீத இடத்தை அதுவே பிடித்துக்கொள்ளும், காற்று அந்த அளவு குறையும், சக்தி விழும். அதோடு டீசல் தூவும் முன்பே சூடான வால்விலோ கரித் துகளிலோ பற்றி இன்டேக்கில் வெடிக்கும். முழுச் சுமையில் நாக்கிங் (கட்டுப்பாடில்லாமல் எரிந்து என்ஜின் தட்டுவது) வரும். என்ஜினில் பெரிதாகக் கை வைக்காமல் முழுச் சுமையில் 20, 30 சதவீதத்துக்கு மேல் போவது கஷ்டம்.

ஹைட்ரஜனை நேராகச் சிலிண்டருக்குள், காற்று வால்வுகள் மூடிய பிறகு தூவினால் கதை மாறுகிறது. சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஷான் குக் குழுவினர் 2022-ல் காட்டியது இதைத்தான். டீசல் என்ஜினில் கூடுதலாக ஒரு ஹைட்ரஜன் இன்ஜெக்டரைப் பொருத்தி, சக்தியில் 90 சதவீதம் ஹைட்ரஜனாக ஓட்டினார்கள். கரியமில வாயு சுமார் 86 சதவீதம் குறைந்தது. ஹைட்ரஜனை எந்த நொடியில் தூவுகிறோம் என்பதை வைத்தே நாக்ஸ் (நைட்ரஜன் ஆக்சைடு) வாயுவையும் கட்டுப்படுத்தினார்கள்.

லேபுக்கு வெளியே பார்க்க வேண்டுமானால் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகம். அங்கே ஹைட்ரோடக் என்ற இழுவைப் படகு 2023-ல் வந்தது. தலா 2 மெகாவாட் கொண்ட இரண்டு இரட்டை எரிபொருள் என்ஜின், 54 கலன்களில் 415 கிலோ ஹைட்ரஜன். ஹைட்ரஜன் தீர்ந்தால் டீசலிலேயே வீடு திரும்பலாம். எனக்குப் பிடித்தது இந்தக் குணம்தான். ஹைட்ரஜன் பங்க் இல்லாத ஊரில் ஸ்பார்க் பிளக் என்ஜின் நின்றுவிடும், இது நிற்காது.

ஹைட்ரஜன் எரிந்தால் தண்ணீர்தானே வரும்? புகையே இருக்காதா?

கரிப்புகையும் கரியமில வாயுவும் ஹைட்ரஜன் பங்கிலிருந்து வராது. நாக்ஸ் வரும். அது எரிபொருளிலிருந்து வருவதில்லை. காற்றிலேயே உள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் கடும் சூட்டில் சேர்ந்து உண்டாவது. ஹைட்ரஜன் வேகமாக, சூடாக எரியும் என்பதால் கவனிக்காவிட்டால் டீசலைவிட அதிகம்கூட வரும். காற்றை இரண்டு மடங்குக்குமேல் தாராளமாகக் கொடுத்து எரித்தால் சூடு தணிந்து நாக்ஸ் சரியும். மிச்சத்துக்கு லாரியில் இப்போது ஊற்றும் ஆட்புளூ (யூரியாக் கரைசல்) முறைதான். வரும் நீராவியில் கொஞ்சம் ரிங் வழியாக இறங்கி ஆயிலைப் பால்போல ஆக்கும். ஹைட்ரஜன் என்ஜினில் கிரேங்க் கேஸுக்கு (ஆயில் இருக்கும் அடிப்பெட்டி) காற்றோட்டம் தனியாக வைப்பது அதனாலும், கசிந்த ஹைட்ரஜன் அங்கே தேங்கக் கூடாது என்பதாலும்தான்.

பேட்டரி கரன்ட்டில் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் விடும் கிட் விற்கிறார்கள். 30 சதவீதம் டீசல் மிச்சம் என்கிறார்கள். வாங்கலாமா சார்?

வாங்காதீர்கள். என்னிடம் அதிகம் கேட்கப்படுவது இதுதான், அதனால் கணக்கை முழுசாகவே போடுகிறேன்.

உங்கள் லாரி மணிக்கு 60 கிலோமீட்டரில், லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுத்து ஓடுகிறது. மணிக்கு 15 லிட்டர் டீசல். லிட்டருக்கு 36 மெகாஜூல் சக்தி. மணிக்கு 540 மெகாஜூல்.

இப்போது கிட். 24 வோல்ட் வண்டியில் ஆல்டர்னேட்டர் 28 வோல்ட் தரும். 12 செல் கலனுக்கு 10 ஆம்பியர் போகிறது என்று வையுங்கள். ஒரு செல்லில் ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் 0.0376 கிராம் ஹைட்ரஜன். இது ஃபாரடே விதி, எந்தக் கம்பெனியின் ரகசிய எலக்ட்ரோடும் இதை மீறாது. 12 செல், 10 ஆம்பியர்: மணிக்கு 4.5 கிராம். அதன் சக்தி 540 கிலோஜூல். டீசல் 540 மெகாஜூல், ஹைட்ரஜன் 540 கிலோஜூல். ஆயிரத்தில் ஒரு பங்கு. டீசலாகச் சொன்னால் மணிக்கு 15 மில்லி.

அதைச் செய்ய எவ்வளவு செலவு? 28 வோல்ட், 10 ஆம்பியர் என்றால் 280 வாட். ஆல்டர்னேட்டரில் பாதிக்குச் சற்று மேல்தான் கரன்ட்டாகிறது, என்ஜினில் பாதிக்கும் குறைவுதான் வேலையாகிறது. பின்னோக்கிப் போட்டால் மணிக்கு ஏறக்குறைய 125 மில்லி டீசல் எரிகிறது. 125 மில்லி கொடுத்து 15 மில்லி வாங்குகிறீர்கள்.

பாட்டிலில் குமிழி வருவது உண்மை. குழாய் நுனியில் தீ வைத்தால் டப் என்று வெடிப்பதும் உண்மை. பார்ப்பவர் மனசு அங்கேயே விழுந்துவிடுகிறது. மைலேஜ் கூடியது என்று உண்மையாகவே சொல்பவர்களும் உண்டு. கிட் மாட்டும் நாளில் ஏர் ஃபில்டர் மாற்றியிருப்பார்கள், ஆயில் மாற்றியிருப்பார்கள், டிரைவரும் பெடலைப் பார்த்து மிதித்திருப்பார். அந்த மிச்சம் கிட்டினால் வந்தது அல்ல. ஒருவர் கிட் போட்ட பிறகு வந்த கோளாறைத் தேடி மணிக்கணக்கில் அலைந்து, கடைசியில் டர்போ ஹோஸில் கிட் பாட்டிலின் காஸ்டிக் வெள்ளையாகப் பூத்திருந்ததைக் கண்டுபிடித்தோம். இன்டர்கூலர் அலுமினியத்தை அது தின்றிருந்தது. 1996-ல் தண்ணீரில் மூலிகை போட்டால் பெட்ரோல் ஆகும் என்று ஒருவர் சொல்ல, தமிழ்நாடே எழுந்து நின்றது நினைவிருக்கும்; அதுவும் ஏமாற்று வேலைதான். தண்ணீர் என்பது ஏற்கெனவே எரிந்து முடிந்த ஹைட்ரஜன். சாம்பலை மறுபடி விறகாக்க, விறகு எரிந்தபோது வந்ததைவிட அதிகம் செலவிட்டாக வேண்டும்.

லாரியில் ஹைட்ரஜன் டேங்குக்கு எவ்வளவு இடம் வேண்டும்?

ஒரு கிலோ ஹைட்ரஜனில் 120 மெகாஜூல், அதாவது 3.3 லிட்டர் டீசலுக்குச் சமம். 300 லிட்டர் டீசல் டேங்குக்குப் பதில் 90 கிலோ ஹைட்ரஜன் போதும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 350 பார் அழுத்தத்தில்கூட லிட்டருக்கு 24 கிராம்தான் அடங்கும். 90 கிலோவுக்கு 3,750 லிட்டர் இடம். 700 பாரில் 2,250 லிட்டர். கார்பன் இழைக் கலன்களின் எடை மட்டும் ஒன்றரை டன்னுக்கு மேல், அவ்வளவு லோடு குறையும். ஜெர்மனியின் மேன் கம்பெனியின் ஹைட்ரஜன் லாரி 700 பாரில் 56 கிலோ ஏற்றிக்கொண்டு 600 கிலோமீட்டர் வரை போகும் என்கிறார்கள். சாதாரண சி.என்.ஜி. சிலிண்டரில் ஹைட்ரஜன் அடைக்கவே கூடாது. ஹைட்ரஜன் அணு சில வகை எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்க வைக்கும்.

இந்த ஹைட்ரஜன் எங்கிருந்து வருகிறது?

நான் மிகவும் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். இன்று உலகில் தயாராகும் ஹைட்ரஜனில் மிகப் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வருகிறது. எரிவாயுவிலிருந்து ஒரு கிலோ எடுக்க 9, 10 கிலோ கரியமில வாயு ஆலையில் வெளியேறும். அந்த ஒரு கிலோ மிச்சப்படுத்தும் 3.3 லிட்டர் டீசலை எரித்திருந்தால் புகைக்குழாயில் வந்திருப்பது சுமார் 9 கிலோ. புகை லாரியிலிருந்து ஆலைக்கு இடம் மாறியது, அவ்வளவுதான். நகரத்துக் குழந்தையின் நுரையீரலுக்கு நல்லது. வானத்துக்கு ஒன்றும் மாறவில்லை.

காற்றாலை, சூரிய மின்சாரத்தில் தண்ணீரைப் பிரித்தால் நிலைமை வேறு. ஒரு கிலோவுக்கு 50 முதல் 55 யூனிட் மின்சாரமும் குறைந்தது 9 லிட்டர் சுத்தமான தண்ணீரும் வேண்டும். அதை என்ஜினில் எரித்தால் சக்கரத்துக்கு வருவது 13 யூனிட் போலத்தான். அதே மின்சாரத்தை பேட்டரி வண்டிக்குக் கொடுத்தால் முக்கால் பங்கு சக்கரத்துக்குப் போகும். எனவே பேட்டரி வண்டி செய்ய முடிந்த வேலைக்கு ஹைட்ரஜனைச் செலவிடுவது எனக்குச் சம்மதமில்லை. துறைமுக இழுவைப் படகு, சுரங்க டிப்பர், கரன்ட் எட்டாத இடத்து பெரிய ஜெனரேட்டர் என்று பேட்டரி திணறும் இடங்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. நீங்கள் இன்று ஊற்றும் பி.எஸ்.6 டீசலே ஹைட்ரஜன் பட்டதுதான். கந்தகத்தை பத்து லட்சத்தில் 10 பங்காகக் குறைக்கச் சுத்திகரிப்பு ஆலையில் ஹைட்ரஜன்தான் பயன்படுகிறது. முதலில் அங்கே காற்றாலை, சூரிய மின்சாரத்தில் எடுத்த பசுமை ஹைட்ரஜன் வந்தால், ஒரு வண்டியையும் மாற்றாமல் லாபம்.

இந்தியாவில் எந்த நிலையில் இருக்கிறது?

தேசியப் பசுமை ஹைட்ரஜன் திட்டத்துக்கு 2023 ஜனவரியில் 19,744 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். அடுத்த மாதமே பெங்களூருவில் அசோக் லேலண்டும் ரிலையன்ஸும் சேர்ந்து ஹைட்ரஜன் என்ஜின் லாரியைக் காட்டின. 2025 மார்ச்சில் பத்து வழித்தடங்களில் 37 பஸ், லாரிகளைச் சோதித்துப் பார்க்க அனுமதி வந்தது. அதில் 22 வண்டி என்ஜினில் எரிப்பவை, 15 வண்டி ஃப்யூவல் செல். இரண்டும் வேறு: ஃப்யூவல் செல் ஹைட்ரஜனை எரிக்காமல் கரன்ட்டாக்கி மோட்டாரைச் சுழற்றும். சென்னை ஐ.சி.எஃப். செய்த ஹைட்ரஜன் ரயிலும் ஃப்யூவல் செல்தான், அதில் டீசல் என்ஜின் இல்லை.

என் வண்டியில் நானே மாற்றினால் சட்டம் என்ன சொல்லும்?

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, கம்பெனி செய்ததை மாற்ற அனுமதி வேண்டும். அங்கீகரித்த கிட், அங்கீகரித்த கடை, ஆர்.சி.யில் பதிவு. அழுத்தக் கலனுக்கு வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் ஒப்புதலும் வேண்டும். இது இல்லாமல் விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கைவிரித்துவிடும். வாரன்டி எப்படியும் போய்விடும்.

நான் பாலிடெக்னிக் மாணவன். ப்ராஜெக்டுக்கு ஹைட்ரஜன் எடுக்கலாமா?

முதலில் சாண வாயுவில் இரட்டை எரிபொருள் செய்து, சுமைக்குச் சுமை டீசல் எவ்வளவு குறைகிறது என்று அளந்து பழகுங்கள். பிறகு, சொல்லிக்கொடுப்பவர் பக்கத்தில் இருந்தால் ஹைட்ரஜன் எடுக்கலாம். சிலிண்டர் கட்டடத்துக்கு வெளியே சங்கிலியில் கட்டி நிற்க வேண்டும். என்ஜினுக்கு வரும் குழாயில் தண்ணீர் நிரப்பிய தீத்தடுப்புக் கலன் ஒன்றும், பின்வாங்காத வால்வு ஒன்றும் கட்டாயம். ஹைட்ரஜன் தீ பகலில் கண்ணுக்குத் தெரியாது, அதற்கு வாடையும் கிடையாது. இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பாருங்கள், கையை வைத்துத் தடவிப் பார்க்காதீர்கள். நிறுத்தும்போது முதலில் சிலிண்டர் வால்வை மூடி, குழாயில் மிச்சமிருப்பது எரிந்து தீரும்வரை டீசலில் ஓடவிடுங்கள். ஹைட்ரஜன் கசிந்தால் மேலே போகும், கூரை மூலையில் தேங்கும். எனவே வால்வைத் திறக்கும் முன் லேப்பின் மேல் ஜன்னல்கள் எல்லாம் திறந்திருக்கின்றனவா என்று ஏறிப் பாருங்கள்.